பேராக்கைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தம்பி தங்கைகளுக்கு,



நீண்ட விடுமுறை வந்தால் நீங்கள் பினாங்குக்குப் புறப்படுகிறீர்கள். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் தஞ்சோங் மாலிமில் பேராக் தொடங்கி, பாரிட் புந்தாரில் முடிந்துவிடுகிறது. இடையில் ஓய்விடத்தில் ஒரு தேநீர், கொஞ்சம் பெட்ரோல். சிலர் ஈப்போவில் இறங்குகிறீர்கள். பழைய நகரத்துச் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, வெள்ளைக் காப்பி குடித்து, மதியத்துக்குள் மறுபடி சாலையேறிவிடுகிறீர்கள். ஒரு மாநிலத்தையே இப்படிக் கடந்து போகிறீர்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பேராக்கில் பிறந்து இன்றும் இங்கேயே வாழ்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த விடுமுறையை முழுதாகப் பேராக்குக்கே கொடுங்கள். இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களில் பலருடைய தாத்தா பாட்டி வியர்வை சிந்திய மண் இருக்கிறது. அந்த உழைப்பின் மேல் எழுந்த ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களுக்கென்றே உருவான சாப்பாடும் இருக்கிறது.

ஈப்போவிலிருந்தே தொடங்குகிறேன், ஆனால் பழைய நகரத்திலிருந்து அல்ல. புந்தோங்குக்கு வாருங்கள். ஈப்போவில் தமிழர் நெருக்கமாக வாழும் பகுதி அது. அங்கே கம்போங் கச்சான் பூத்தே என்று ஒரு குடியிருப்பு உண்டு. எட்டயபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் கடலையும் பட்டாணியும் வறுத்து, முறுக்கு பிழிந்து, தலையில் தட்டு சுமந்து விற்றுப் பிழைத்தார்கள். மலாய்க்காரரும் சீனரும் சினிமாக் கொட்டகை வாசலில் காகிதச் சுருளில் வாங்கித் தின்ற கச்சான் பூத்தே இவர்கள் கைப்பக்குவம்தான். முன்பு அவர்கள் குனோங் சீரோ மலையடிவாரத்தில் குடியிருந்தார்கள். 1973இல் அந்தச் சுண்ணாம்புக்கல் மலையிலிருந்து பாறை சரிந்து பலர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் புந்தோங்கில் குடியேற்றம். இன்று அந்தத் தெருவில் நடந்தால் எண்ணெய்ச் சட்டியின் வாசம் முதலில் வரும். வீட்டு முன்புறமே கடை. காரக்கடலை, ஓமப்பொடி, மரவள்ளிச் சீவல், பக்கோடா எல்லாம் பெரிய பெரிய பைகளில் நிற்கும். பேரங்காடியில் இதே பண்டம் கிடைக்குமே என்று நினைக்காதீர்கள். சட்டியிலிருந்து இறக்கி ஆறியும் ஆறாமலும் இருக்கிற முறுக்கை அங்கேயே நின்று கடித்துப் பாருங்கள். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பெரியவர்களாக இருந்தால் மலையடிவாரத்து வாழ்க்கையைச் சொல்வார்கள்.

புந்தோங் மாரியம்மன் கோவிலிலிருந்துதான் தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோவிலுக்குக் காவடிகள் புறப்படும். பத்து மலையின் கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே வேறோர் அனுபவம் காத்திருக்கிறது. ஊர்த்தெருக்கள் வழியாகக் காவடி போகும். இரு பக்கத்திலும் வீட்டுக்காரர்கள் தண்ணீரும் மோரும் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இனி ஈப்போவின் சாப்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. இங்குள்ள பச்சைப் பயற்று முளைகள் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். மலைகளிலிருந்து வடியும் தண்ணீர்தான் காரணம் என்று ஊரார் சொல்வார்கள். வேகவைத்த கோழியோடு இந்த முளையையும் வழுவழுப்பான அரிசி நூடல்ஸையும் சேர்த்துப் பரிமாறும் கடைகளில் மாலை நேரத்தில் இடம் கிடைப்பது கடினம். வெள்ளைக் காப்பியின் ரகசியம் வறுவலில் இருக்கிறது. சாதாரணக் கடைக் காப்பிக்கொட்டையைச் சர்க்கரை சேர்த்துக் கருக வறுப்பார்கள். இதை மார்ஜரின் மட்டும் சேர்த்து இளம்பதமாக வறுக்கிறார்கள். அதனால் கசப்பு குறைந்து, கெட்டிப்பாலோடு நன்றாக இணங்குகிறது. பொட்டலத்தில் வாங்கி வீட்டில் கலக்குவதற்கும், பழைய நகரத்துச் சீனர் கடையில் பளிங்கு மேசைமேல் தடித்த பீங்கான் கோப்பையில் குடிப்பதற்கும் வெகுதூரம். சைவம் உண்பவர்களுக்குக் குட்டி இந்தியாவில் தோசையும் வாழையிலைச் சாப்பாடும் குறையில்லாமல் கிடைக்கும். திரும்பும்போது தம்புன் சாலையோரக் கடைகளில் பம்ளிமாஸ் வாங்க மறக்காதீர்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கிற பழத்தையே தேர்ந்தெடுங்கள், சாறு நிறைய இருக்கும்.

இந்த ஊர் எதனால் இவ்வளவு செழித்தது? ஈயத்தால். கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்தன. 1985இல் ஈய விலை சரிந்தது, லம்பங்கள் மூடின, இளைஞர்கள் வேலை தேடித் தெற்கே போனார்கள். உங்கள் பெற்றோர் சிலரும் அப்படித்தான் கோலாலம்பூர் வந்திருப்பார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் மலைகளுக்கு நடுவே அழகான ஏரிகளாகத் தெரிகிறவற்றில் பல, தோண்டிக் கைவிட்ட லம்பங்கள்தாம்.

அந்தக் காலத்தைக் கண்ணால் பார்க்கத் தஞ்சோங் துவாலாங் போங்கள். 1938இல் கட்டிய ஈயக்கப்பல் ஒன்று அங்கே தண்ணீரில் நிற்கிறது. 4,500 டன் எடை. வரிசையாகக் கோத்த இரும்பு வாளிகளால் மண்ணை அடியிலிருந்து வாரி, மேலே கொண்டுபோய் அலசி, ஈயமணலைப் பிரித்து, கழிவைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே நகர்ந்த இயந்திரம். 1982 வரை உழைத்தது. வழிகாட்டியோடு உள்ளே ஏறிப் பார்க்கலாம். அந்த இரைச்சலுக்குள் மனிதர்கள் முறைவைத்து வேலை செய்தார்கள் என்று நினைத்தாலே திகைப்பாக இருக்கிறது.

அங்கிருந்து பத்து காஜா பக்கம்தான், கெல்லி மாளிகை. பேய்க்கதை கேட்கத்தான் பலர் போகிறார்கள். எனக்கு அந்தக் கதைகளில் ஆர்வமில்லை, உண்மைக் கதையே போதுமானது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பர்த் தோட்டத்தில் சம்பாதித்த பணத்தில் இதைக் கட்டத் தொடங்கினார். கட்டியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வரவழைக்கப்பட்ட தமிழர்கள். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து வந்தன. முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில் பரவிய விஷக்காய்ச்சலில் தொழிலாளர் பலர் இறந்தார்கள். மாரியம்மனுக்குக் கோவில் எழுப்ப வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். கெல்லி ஒத்துக்கொண்டார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் மாளிகை அரைகுறையாக நின்றுபோனது. கோவில் மட்டும் முழுமையடைந்தது.

மாளிகையைப் பார்த்து முடித்ததும் திரும்பிவிடாதீர்கள். அந்த மாரியம்மன் கோவில் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. மேலே ஏறிட்டுப் பார்த்தால் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே துரையின் உடுப்பில் ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். கோவில் கட்டிக்கொடுத்தவருக்கு நம் மக்கள் காட்டிய நன்றி அது. மாளிகைக்குள் எத்தனையோ பெயர்ப்பலகைகள். கட்டிய கைகளின் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அவர்களுடைய சொந்த அடையாளமாக மிஞ்சியிருப்பது இந்தக் கோவில்தான். ஆகவே அர்ச்சனைத் தட்டோடு போங்கள், சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

பாப்பான் என்ற சிற்றூரும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. இடிந்தும் இடியாமலும் நிற்கிற பழைய கடைவீடுகள், அஞ்சடியில் முளைத்த மரங்கள். ஊரின் முதன்மைச் சாலையில் 74ஆம் எண் வீட்டில்தான் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். யுரேசியப் பெண்மணி, மருத்துவத் தாதி, கணவர் தமிழ் மருத்துவர். ஜப்பானியர் காலத்தில் காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு இரவில் ரகசியமாகச் சிகிச்சை செய்தார், வானொலி வைத்துப் போர்ச்செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டார். பெற்ற சிறுமியைக் கண்ணெதிரே மரத்தில் தொங்கவிட்டு மிரட்டியபோதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் பட்ட காயங்கள் அவரை விடவில்லை, 1948இல் பிரிட்டனில் இறந்தார். பிறகு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்களோடு வந்தால் கட்டாயம் பாப்பானுக்கு அழைத்துப் போங்கள்.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1994இல் நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் வண்டிகள் குறைந்தன. பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் எல்லாம் ஒரு காலத்தில் எல்லாரும் நின்று பசியாறிய ஊர்கள். நெடுஞ்சாலையைப் பீடோரில் விட்டுவிட்டு இந்தச் சாலையில் வாருங்கள். கம்பாரில் ரொட்டிக்குள் கோழிக்கறியைப் பொதிந்து சுடுவார்கள். மேசையில் வைத்து வெட்டினால் ஆவி பறக்கும், ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும். அந்த ஊர் மலைமுகட்டில்தான் 1941 டிசம்பர் கடைசியில் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ஜப்பானியரைச் சில நாள் தடுத்து நிறுத்தினார்கள். கோப்பெங்கை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் மலைகள் இரு பக்கமும் எழும்பி நிற்கும். நெடுஞ்சாலையில் அவை கண்ணில் பட்டு மறைந்துவிடும். பழைய சாலையிலோ வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கலாம். தெம்புரோங் குகைக்குள் நடக்கவும் ஏற்பாடு உண்டு.

பேராக்கில் எனக்கு மிகப் பிடித்த ஊர் தைப்பிங். 1937 வரை இதுதான் மாநிலத் தலைநகரம். நாட்டின் முதல் அருங்காட்சியகம் இங்கேதான். 1885 ஜூன் 1ஆம் நாள் நாட்டின் முதல் இரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் மழை பெய்யும். அதற்காகத் திட்டத்தை மாற்றாதீர்கள், மழை விட்டதும் ஏரிப்பூங்காவுக்குப் போங்கள். அதுவும் ஒரு லம்பம்தான், 1880இல் பூங்காவாக மாறியது. நூறாண்டு தாண்டிய தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. கிளைகளுக்கு அடியில் நடந்தால் இலைகளில் தேங்கிய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். பின்னணியில் லாருட் மலை மேகத்தை இழுத்துப் போர்த்தியிருக்கும். இந்த நாட்டில் இதைவிட அழகான நடைபாதையை நான் கண்டதில்லை.

பூங்காவைத் தாண்டினால் போர்வீரர் கல்லறை. இரண்டாம் உலகப்போரில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்களின் கற்கள் வரிசையாக நிற்கின்றன. பெயர் தெரியாதவர்களே அதிகம். சாலையின் ஒரு பக்கத்தில் கிறிஸ்தவர்கள், மறுபக்கத்தில் மற்றவர்கள். அந்த மறுபக்கத்துக் கற்களில் இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களைப் படிக்கலாம். பிறகு ஊருக்குள் வந்து ஒரு செண்டோல் குடியுங்கள். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்த அந்தக் குளிர்ச்சி தைப்பிங்கில் ஒரு படி தூக்கலாகவே இருக்கும்.

அந்த முதல் இரயில் எங்கே போனது தெரியுமா? போர்ட் வெல்டுக்கு. இன்று அதன் பெயர் கோல செபெத்தாங். தண்டவாளம் போய்விட்டது, ஆனால் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. இரயில்வேயில் மண் சுமந்தவர்களிலும், கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களிலும் தமிழ் படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி. பிள்ளைகளை அதன் முன் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

கோல செபெத்தாங்கைச் சுற்றி மாத்தாங் கண்டல் காடு விரிந்து கிடக்கிறது. சுமார் 40,000 ஹெக்டர். 1902 முதல் திட்டமிட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். முப்பதாண்டுக்கு ஒரு சுற்று என்று கணக்கு வைத்து ஒவ்வொரு பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் மறுபடி வளரவிடுகிறார்கள். வெட்டிய மரம் கரிச்சூளைக்குப் போகிறது. கவிழ்த்த பானை போன்ற செங்கற்சூளைக்குள் பட்டை உரித்த கட்டைகளை நிறுத்திவைத்து, வாசலில் நெருப்பு மூட்டி, வாரக்கணக்கில் புகையிலேயே வாட்டுவார்கள். உள்ளே பதம் எப்படி என்று பார்க்கக் கதவு திறக்க முடியாது. சூளையின் துளை வழியே வரும் ஆவியின் சூட்டையும் மணத்தையும் வைத்தே தொழிலாளி கணிக்கிறார். அந்தச் சூளைகளைப் பார்க்க விடுகிறார்கள், கேட்டால் விளக்கமும் சொல்வார்கள். மாலையில் அங்கேயே ஆற்றங்கரையில் மீ ஊடாங் சாப்பிடுங்கள். உள்ளங்கை நீள இறால்கள் குழம்பில் கிடக்கும். இருட்டியதும் படகெடுத்தால் கரையோர மரங்களில் மின்மினிகள். இதற்காகவே ஓர் இரவு தைப்பிங்கில் தங்குவது நல்லது.

கோல கங்சாரில் ஹப்பக் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த உபூடியா பள்ளிவாசல் இருக்கிறது. ஈப்போ இரயில் நிலையத்தையும் அவரே வடிவமைத்தார். இரண்டும் 1917இல் முடிந்தன. ஆற்றுக்கு அக்கரையில் சாயோங் கம்பத்தில் லாபு சாயோங் என்ற கறுப்பு மண்கூஜா செய்கிறார்கள். சுட்ட சூட்டோடு உமிக்குள் புதைப்பதால் அந்தக் கறுப்பு ஏறுகிறது, தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் நான் உங்களை அங்கே போகச் சொல்வது ஒரு மரத்துக்காக. மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிற ரப்பர் மரம். 1877இல் இந்த ஊரில் நட்ட முதல் கன்றுகளின் காலத்து மரம் அது. கித்தாக் காடுகள் நாடெங்கும் பரவியதும், கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டியதும், நம் குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் இந்த இன மரத்துக்காகத்தான்.

அடுத்த ஊர் சுங்கை சிப்புட். துன் சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கத் தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க அவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். இந்த ஊரில்தான் மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்த பள்ளி.

இங்கே நின்று உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவின், தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும். அது பேராக்கில் இருந்தால் அங்கேயும் போங்கள். லயத்து வீடுகள் இருக்காது, ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கும். கோவில் இருக்கலாம், பள்ளி இருக்கலாம், பழைய ஆள் ஒருவர் இருக்கலாம். முடிந்தால் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். பால் மரத்துக்கு விடியுமுன் எந்தப் பக்கமாக நடந்தார்கள் என்று அவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள்.

வடக்கே போக நேரமிருந்தால் லெங்கோங். 2012இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளத்தாக்கு. 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித எலும்புக்கூடு அங்கே ஒரு குகையில் கிடைத்தது. பிறவியிலேயே ஒரு கை ஊனமானவர், ஆனாலும் அவரை மரியாதையோடு, படையலோடு புதைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே கெரிக், பெலும் காடு. இந்த நாட்டின் பத்து வகை இருவாட்சிகளும் அங்கே பறக்கின்றன. படகுவீட்டில் தங்க வேண்டும், அது தனிப் பயணம்.

கடலோரமும் அப்படித்தான், அவசரமாகப் பார்க்கக் கூடாது. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் தெலுக் இந்தானில். சித்தியவானில் பூச்சோ சீனர்கள் மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் கோங் பியாங் ரொட்டி. லூமுட்டிலிருந்து படகேறினால் பங்கோர் தீவு. அங்கே பத்திரகாளியம்மன் கோவில் கடலைப் பார்த்து நிற்கிறது. மாசி மகத்தன்று தீவு முழுக்கத் தமிழ்க் கூட்டம்தான். அன்று போவதானால் தங்குமிடத்தை மாதங்களுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் சாதாரண வாரநாளில் போய், மீனவர் துறையில் கருவாடு வாங்கிக்கொண்டு வரலாம்.

கார் இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து மின்சார இரயிலில் ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். அதே பாதையில் கோல கங்சாரும் தைப்பிங்கும் வந்துவிடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், ஈயமும் கிந்தாவும் ஒரு விடுமுறைக்கு, தைப்பிங்கும் கடலும் இன்னொன்றுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களில் பல கடைகள் பிற்பகலுக்குள் சாமான் முடிந்து மூடிவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். இரவு தங்குங்கள். நீங்கள் தங்கி, சாப்பிட்டு, வாங்கிச் செலவு செய்தால்தான் புந்தோங் முறுக்குக்கடைக்காரரின் மகன் தொழிலை விட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வேலை தேடி வராமல் இருப்பான்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து உங்கள் அண்ணன்